வீட்டுக்கு வரும் உபாத்தியாயர்

காரைக்காலில் ஒரு குழந்தை நாலு வயதாகியும் பேசவில்லையென்றால், அதன் பெற்றோரிடம் முதலில் வந்து குவிவன யோசனைகள்தாம். அடுத்த வீட்டு அம்மாள் திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போய் நளதீர்த்தத்தில் ஸ்நானம் செய்வித்து வரச் சொல்வாள். பாரிஸில் குடியேறிவிட்ட சித்தப்பா அங்குள்ள வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயத்தை டெலிபோனில் ஒப்பிப்பார். "அவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்று வீட்டுக் கிழவர்கள் தைரியம் சொல்வார்கள். என் தமக்கையின் பேரன் விஷயத்தில் இவையெல்லாம் கிரமமாக நடந்தேறின. தீர்த்தமாடியதில் எங்களுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. ஆனால், இது ஆட்டிசம் என்று டாக்டர் நிச்சயித்து, தெரபியோடு வீட்டிலும் ஒருவர் வந்து கற்பிப்பது நலமென்று சொல்லியனுப்பிய பிறகு, அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும் காரியம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தலையில் வந்து விழுந்தது.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1992-ஆம் வருஷத்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்படி, சிறப்பாசிரியராகத் தொழில் நடத்துகிறவர் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஆகையால் வருகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. அதற்கு முந்திய, மிகவும் அருமையான வருஷங்கள் பெரும்பாலும் வீட்டாரின் பொறுப்பிலேயே கழிகின்றன. எங்கள் ஊருக்கு மேலும் ஒரு விசேஷம் உண்டு: அரசாங்கம் இருப்பது புதுச்சேரியில், அதற்கும் எங்களுக்கும் நடுவிலோ தமிழ்நாடு கிடக்கிறது. எனவே நாகூரிலிருந்தோ தரங்கம்பாடியிலிருந்தோ எல்லை தாண்டி பஸ்ஸில் வரக்கூடியவர்களையும் சேர்த்தே விசாரித்தேன்.

முதலில் வந்தவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நல்ல மனிதர். ஆறு மாதத்தில் பையனைப் பேசவைத்து விடுவதாக வாக்களித்தார். இப்படித் தவணை கூறுகிறவரை நம்பக்கூடாதென்பது என் துணிபு. அடுத்து வந்த பெண்மணிக்கு யோக்கியதையில் குறைவில்லை. கனத்த ஃபைல் நிறையச் சான்றிதழ்கள் இருந்தன, பதிவு எண்ணும் இருந்தது. அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பாடம் நடக்கையில் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும், தாயார் உள்ளே வரக்கூடாது, வந்தால் பையன் அடம்பிடிப்பான் என்றார். அதில் நியாயமில்லாமலும் இல்லை. ஆயினும், தனக்கு நேர்ந்தது இன்னதென்று எடுத்துச் சொல்ல வாயில்லாத குழந்தையைத் தாளிட்ட கதவுக்குப் பின்னால், எவ்வளவு உத்தமரானாலும் சரி, ஒருவரிடம் தனியே விடுவது விவேகமாகாது. அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்றும் எனக்கு இருந்தது.

அதை விளக்குவதற்குப் பழைய பிரெஞ்சுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கொடி 1954-இல் இறங்கிய ஊர்க்காரன் அதைச் சொல்வதில் தவறில்லை. அவேரோன் காட்டுப் பிரதேசத்தில் அகப்பட்ட ஒரு சிறுவனை 1800-இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். விக்தோர் என்று பெயரிட்டு அவனுக்குப் பேச்சு வரச் செய்ய ஐந்து வருஷகாலம் பிரயாசைப்பட்டவர் இத்தார் என்ற இளம் மருத்துவர். அவருடைய முறைகளே அவர் சிஷ்யர் செகேன் வழியாக மாண்டிசோரி அம்மையாரை எட்டின. அந்த அம்மையாரோ 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அத்தனை புகழ் பெற்ற இத்தாரால் விக்தோருக்குப் பேச்சைக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அவனை வீட்டில் வைத்துப் பராமரித்த கெரேன் அம்மாள் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை எடுத்து வைக்க அவனைப் பழக்கியிருந்தாள். அவள் கணவர் இறந்த அன்று, வழக்கம்போல் அவருடைய தட்டையும் வைத்தவன், அதைக் கண்டு அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் திரும்ப வைத்தான்; பிறகு அதை வைக்கவேயில்லை. இதை எழுதி வைத்திருப்பவர் இத்தாரேதான். வைத்தியரின் பாடங்களில் இல்லாத ஒன்றை அந்தப் பையன் எங்கே கற்றான் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. விசேஷக் குழந்தைகளுக்கான சென்னை மதுரம் நாராயணன் நிலையத்தில் 1989 முதல், சிறு குழந்தைகளோடு தாயாரும் கூட உட்கார்ந்து பயிலும்படி ஏற்பாடு செய்திருப்பதும் குழந்தை வீட்டாரோடு கூடியிருந்தே கற்கிறது என்பதை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக வந்த பெண் வயதில் சிறியவள், அனுபவமும் சொற்பமே. பையன் சமையலறை வாசலில் ஒரு குண்டான் மூடியைச் சுழலவிட்டு, அது சத்தமிட்டுத் தரையில் படியும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. இன்னொரு மூடியை எடுத்துச் சற்று எட்ட உட்கார்ந்து சுழற்றினாள். அவன் நிமிரவில்லை. மறுபடி சுழற்றினாள். வெகுநேரத்துக்குப் பின் அவன் தன் மூடியை விட்டுவிட்டு அவளுடையதை எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. பிறகு அவள் என் தமக்கையிடம் கேட்டாள்: "என்ன சாப்பிடுவான் பாட்டி? எந்தச் சத்தம் கேட்டாக் காதைப் பொத்திக்குவான்? ஏதாச்சும் வேணும்னா எப்படிக் கேப்பான்?"

"எங்க கேக்குறான்! என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அந்தச் சாமான் மேல வைப்பான்."

"அப்ப கேக்கத்தானே செய்யறான். நான் வாரத்துல மூணு நாள், ஒரு மணி நேரம் வருவேன். மத்த நேரமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கான்? நான் செய்றதை நீங்களும் கூட இருந்து பாத்துக்கணும்."

பதிவு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, அன்றே அவளை அமர்த்திவிட்டேன். சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசாதிருந்ததை என் தமக்கை இன்னும் மன்னிக்கவில்லை. அவளுக்கு வேறொரு குறையும் உண்டு. தண்ணீர் வேண்டுமென்று கையை இழுத்தால் உடனே கொடுத்துவிடாமல், டம்ளர் படம் போட்ட அட்டையைப் பையன் எடுத்து நீட்டும்வரை பொறுத்திருக்க வேண்டுமென்றும், அப்படி எத்தனை தடவை நீட்டினான் என்பதை ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டுமென்றும் அந்தப் பெண் உத்தரவிட்டுப் போயிருக்கிறாள். "ஏன்டா தம்பி, பேரனுக்குப் பாடம் சொல்ல ஆள் கொண்டாந்தியா, எனக்குக் கொண்டாந்தியா?" என்று என்னைக் கேட்டபடியே, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நோட்டில் ஒரு கோடு கிழிக்கிறாள்.