பெரணமல்லூர் தறியும் திபெத் வண்டும்

பட்டுப் புடவை என்பது ஒரு புழுவின் எச்சில். இதைக் கல்யாண ஜவுளி எடுக்கும்போது சொல்லிவிடாதீர்கள். மாமியார் வீட்டில் சாப்பாடு கிடைக்காது!

ஆரணியில் பஸ் பிடித்து பெரணமல்லூரில் இறங்கினேன். தெருவுக்குள் நுழைந்தால் 'தடக்... தடக்...' என்று தறிச் சத்தம். குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி, நாடாவை நிறுத்தாமலே பேசினார் ஒரு நெசவாளர்.

"வெயில் ஜாஸ்தியானா புழு சரியா கூடு கட்டாது சார். நூல் விலை ஏறிடும். எங்க கூலி மட்டும் ஏறாது!"

கர்நாடகத்தில் எங்கேயோ ஒரு புழுவுக்கு வேர்த்தால் இங்கே அடுப்பு எரிவதில் சிக்கல்.

பூச்சியை வைத்தே வெப்பநிலைக்குக் கணக்கு எழுதியவர் ஒருவர் உண்டு. ரஸ்ஸல் கூப். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பனியுகத்துச் சேற்றில் அவர் தேடியது வண்டுகளின் இறக்கை ஓடு. சேற்றைச் சல்லடையில் அலசி, மண்ணெண்ணெய் விட்டுப் பிசைந்து, தண்ணீர் ஊற்ற வேண்டும். எண்ணெய் ஒட்டிய ஓடுகள் மேலே மிதந்து வரும். (ரேஷன் மண்ணெண்ணெய்க்கு இப்படியும் ஒரு யோகம்!)

பனியுகத்து வண்டு இனங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஆகவே இன்று எந்தக் குளிரில் அந்த வண்டு வாழ்கிறதோ, அன்று அங்கே அந்தக் குளிர். பத்து வகை வண்டு கிடைத்தால், பத்துக்கும் 'டேலி' ஆகிற டிகிரிதான் விடை. பி.காம். படித்த எனக்கே புரிந்துவிட்டது!

1973-ல் கூப் ஒரு சங்கதி எழுதினார். இங்கிலாந்துச் சேற்றில் கிடைத்த ஒரு சாண வண்டு, இப்போது திபெத் பீடபூமியில்தான் வாழ்கிறதாம். பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் எவ்வளவு தூரம்!

சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் திடீரென்று சூடு ஏறியது. வெப்பம் விரும்பும் வண்டுகள் உடனே பறந்து வந்துவிட்டன. மரங்கள் வந்து சேர நூற்றாண்டுகள் ஆயின. மகரந்தத்தை மட்டும் பார்த்தவர்கள் 'இன்னும் குளிர்தான்' என்றார்கள்; வண்டு 'இல்லை' என்றது.

நம் நீலகிரியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அங்கே வண்டு இல்லை, சதுப்பில் மக்கிய செடிகளின் கார்பன். ஆர். சுகுமார் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது அந்த மலை வறண்டு கிடந்தது. வறட்சி தாங்கும் புல் பெருகியிருந்தது.

பட்டுப்புழுவின் பாடு வேறு. ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் ஊட்டி வளர்த்ததில், அந்தப் பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாது. அதற்குச் சுமார் 25 டிகிரி வேண்டும். வெயில் ஏறினால் திபெத்துக்குக் கிளம்ப முடியாது. மனையில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, கூரைமேல் தண்ணீர் தெளித்து, வளர்ப்பவர்தான் அதற்கு மலைப்பிரதேசம் காட்ட வேண்டியிருக்கிறது.