அடிக்கவில்லையே, பிறகென்ன?



கணவன் மனைவியை அடித்தான் என்று கேள்விப்பட்டால் நம் நெஞ்சம் பதறுகிறது. அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் ஓடோடி வருகிறார்கள், ஜமாஅத்தில் விசாரணை நடக்கிறது. ஆனால் அடியே விழாத சில வீடுகள் உள்ளன. அங்கே கை ஓங்கப்படுவதில்லை. பாத்திரம் உடைவதில்லை. ஐவேளைத் தொழுகையும் தவறுவதில்லை. ஆயினும் அவ்வீட்டுப் பெண் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறாள். காரணம், அங்கே நாவு ஓங்கப்படுகிறது. அத்தகைய வீடுகளைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் ஏற்காட்டில் வசிப்பவள். மாலை நேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எங்கள் ஊருக்கு வருபவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சியைப் பார்க்கிறார்கள். சேர்வராயன் மலையின் குளிரை வியக்கிறார்கள். ஊரின் அழகு வெளியே தெரிகிறது. வீடுகளின் உள்ளே இருப்பதோ, அவ்வீட்டுப் பிள்ளைகளின் வாய்வழியேதான் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரிய வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய் மத்ரஸாவில் சேர்க்க அழைத்து வந்தார். பதிவேட்டில் எழுதுவதற்காகப் பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டேன். அந்தப் பெண் திகைத்து நின்றார். "எனக்குச் சரியாத் தெரியாதுங்க, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். பத்து மாதம் சுமந்து பெற்ற தாய்க்குப் பிள்ளையின் பிறந்த நாள் தெரியாதா என்று நான் வியந்து நிற்கையிலேயே, அந்தச் சிறுமி சர்வ சாதாரணமாக, "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள்.

அது அவளுடைய சொல் அன்று; வீட்டில் கேட்டுக் கேட்டுப் படிந்த சொல். குழம்பில் உப்புக் கூடினால், "உனக்கு என்ன தெரியும்?" பால் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தால், "உனக்கு என்ன தெரியும்?" விருந்தினர் முன்னிலையில் ஒரு வார்த்தை பேசிவிட்டால், "சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்?" கணவர் தொடங்கி வைப்பார், மாமி முடித்து வைப்பார். திருமணமாகிப் பத்தாண்டுகள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு, தமக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்தப் பெண்ணே நம்பிவிட்டார். உடம்பில் விழும் அடி வலிக்கும்; வலிப்பதால் அது அநியாயம் என்று தெரியும். சொல்லால் விழும் அடியோ, விழுந்தவரையே குற்றவாளியாக்கிவிடுகிறது. தன்மேல்தான் தவறு என்று அவரை எண்ண வைத்துவிடுகிறது.

அவர் மீண்ட கதை மிகவும் எளியது. எங்கள் மலையில் காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மிளகு பறிப்பார்கள். அவருடைய அண்டை வீட்டில் ஒரு முதிய விதவை மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்து வந்தார். கூலிக்கு ஆள் கிடைக்காத ஒரு பருவத்தில், மிளகைப் புடைத்துப் பொக்கு நீக்கித் தரும் வேலையை இந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார். தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் அல்லவா? முறத்தைக் கையில் எடுத்ததும் சிறு வயதுப் பழக்கம் திரும்பி வந்தது. ஒரு வாரம் கழித்து அந்த மூதாட்டி தம் வாடிக்கையாளர்களிடம், "இவ கை பட்ட மிளகுல ஒரு பொக்கு இருக்காது" என்று சொன்னார். பத்தாண்டுகளில் அவர் காதில் விழுந்த முதல் பாராட்டு அதுவே.

கூலியை அவர் மகளின் பழைய நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினார். எத்தனை கிலோ, என்ன கூலி, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருந்தன. கூட்டல் தப்பாமலிருக்க, மகளை அருகில் உட்கார வைத்துச் சரிபார்த்தார். ஒரு நாள் கணவர் பால் கணக்கைப் பார்த்துவிட்டு வழக்கம்போல், "உனக்கு என்ன கணக்குத் தெரியும்?" என்றாராம். அந்தச் சிறுமி நோட்டைப் புரட்டிக் காட்டி, "அம்மா கணக்கு சரியாத்தான் இருக்குத்தா" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது அந்தத் தாயின் கண்கள் நிறைந்திருந்தன. எந்தப் பிள்ளை "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றதோ, அதே பிள்ளை அவருக்குச் சாட்சியாக நின்றது!

வாசகர்களே, இத்துடன் கதை சுபமாக முடியவில்லை. தெம்பு பெற்ற அந்தப் பெண் தம் அண்ணனையும் உறவுப் பெரியவர்கள் சிலரையும் அழைத்து ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். பிரிவு கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. பிள்ளையின் எதிரில் தம்மை இழிவாகப் பேசக்கூடாது என்று மட்டும் கேட்டார். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் ஒரு நாளாவது இவளை அடிச்சிருக்கேனா?" என்று வினவினார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதானே, அடிக்கலையே! அப்புறம் என்னம்மா?" என்றார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மதீனாவில் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) என்றொரு பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் அவ்ஸ் பின் ஸாமித் (ரலி) சினத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். மனைவியைத் தாயின் முதுகுக்கு ஒப்பிடும் சொல் அது. அறியாமைக் கால அரபிகள் அதை 'ளிஹார்' என்றனர். அந்தச் சொல் விழுந்துவிட்டால், பெண் மனைவியாகவும் வாழ முடியாது. முறையாக விடுதலை பெற்று வேறு வாழ்வு தேடவும் முடியாது. கவ்லா அழுதுவிட்டு மூலையில் முடங்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் சென்று வாதிட்டார், இறைவனிடம் முறையிட்டார். அதே அறையின் ஒரு பகுதியில் இருந்த தமக்கே அவர் பேசியதில் சில சொற்கள் கேட்கவில்லை என்றும், அல்லாஹ்வோ அதைச் செவியேற்றான் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். திருக்குர்ஆனின் 58-ஆம் அத்தியாயம் இறங்கியது. அதன் பெயரே அந்தப் பெண் செய்த வாதத்தைக் குறிப்பதாக அமைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவ்ஸ் கை ஓங்கவில்லை. சொன்னது ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு விதிக்கப்பட்ட பரிகாரம் என்ன? ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும்; இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும்; அதுவும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். சொல் வெறும் காற்று என்றால் இத்தனை பெரிய பரிகாரம் எதற்கு? பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) வழியில் இந்த அம்மையாரைச் சந்தித்தபோது, உடன் வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு, அவர் சொல்வதை நின்று கேட்டார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு வழி காண மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற உலமாக்கள் மாலிக்கீ மத்ஹபின் தீர்வுகளை எடுத்துரைத்தனர். அந்தப் பின்னணியில் பிறந்த சட்டம் அது. கணவனின் கொடிய நடத்தை மனைவியின் வாழ்வைத் துயரமாக்கினால், அது உடல் துன்புறுத்தலாக இல்லாவிட்டாலும் கொடுமையே என்று அச்சட்டம் கூறுகிறது. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், இழித்துப் பேசுதல், ஏளனம் செய்தல், பட்டப்பெயர் சூட்டுதல், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திக்காட்டுதல் ஆகியவற்றை வன்முறை என்றே வகுத்துள்ளது. குடியிருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையையும் பெண்ணுக்கு அது அளிக்கிறது. மாவட்டந்தோறும் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தை அழைக்கலாம்.

ஆக, "அடிக்கவில்லையே" என்பது ஷரீஅத்திலும் விடையாகாது, சட்டத்திலும் விடையாகாது.

தம் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த பெண் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் பள்ளிப் படிப்பு பதின்மூன்றாம் வயதில் நிறுத்தப்பட்டது. வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தார். திருமணத்திற்குப் பிறகும் எழுதுவதற்கு எதிர்ப்பு இருந்தது. எல்லோரும் உறங்கிய பின் எழுதினார். எழுதிய தாள்களை ஒளித்து வைத்தார். அவற்றை வெளியே கொண்டு சேர்க்கத் தாய் துணை நின்றார். 'சல்மா' என்ற புனைபெயரில் 2000-இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. 2001-இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவர் எழுதியவை அனைத்திலும் எல்லோருக்கும் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஒளித்து வைத்த தாள்களிலிருந்து நாடாளுமன்றம் வரை ஒரு குரல் நடந்து வந்த தூரத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். அந்தத் தாய் துணை நிற்காமலிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கணவன்மார்களே! குடும்பத்தை நிர்வகிக்கும் பொறுப்பு உங்களுக்குத் தரப்பட்டுள்ளது, மறுக்கவில்லை. எங்கள் மலையில் காப்பிச் செடிக்கு நிழல் மரம் வேண்டும். கடும் வெயிலில் அது வாடிவிடும். ஆனால் நிழல் அடர்ந்து போனால் செடி சரியாகப் பூக்காது. அதனால் தோட்டக்காரர்கள் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். உங்கள் தலைமை நிழலாக இருக்கட்டும். வெளிச்சத்தை மறைக்கும் அடர்த்தியாக வேண்டாம்.

மாமிமார்களே! மருமகளை மகன் இழித்துப் பேசும்போது நீங்கள் சேர்ந்து பேசினால், உங்கள் பேத்தியும் அதைப் பாடமாகப் படிக்கிறாள். நாளை அவள் புகும் வீட்டில் அதே சொல்லைக் கேட்டு, அது இயல்புதான் என்று நம்பிவிடுவாள்.

பெண்ணைப் பெற்றவர்களே! "அடிக்கிறானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "எப்படிப் பேசுகிறான்?" என்றும் கேளுங்கள். விடை வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள்.

சகோதரியே! உங்களுக்குத் தெரிந்தது ஏதேனும் ஒன்று நிச்சயம் உண்டு. தையலாக இருக்கலாம், ஓதுவதாக இருக்கலாம், மிளகு புடைப்பதாகவும் இருக்கலாம். அதிலிருந்து தொடங்குங்கள். உங்களை மதிக்கும் ஒருவரிடமாவது மனம் விட்டுப் பேசுங்கள்.

அந்த ஏற்காட்டுப் பெண்ணின் கணவர் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அன்று கூடிய பெரியவர்களில் வயது முதிர்ந்த ஒருவர், சில நாள் கழித்து அவரைத் தனியே அழைத்துக் கவ்லா அம்மையாரின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். அதன்பின் மகளின் எதிரில் அந்தச் சொல் வருவது நின்றது. மற்ற வேளைகளில் எப்போதாவது வருகிறது. வரும்போது அந்தப் பெண் தலைகுனிவதில்லை. "எனக்குத் தெரியுங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்.

ஒரு பெண் தம் வீட்டில் இப்படிச் சொல்லப் பத்தாண்டுகள் காத்திருக்கலாமா? நம் இல்லங்களில் எந்தப் பெண்ணுக்கும் அந்த நிலை வராமல் வல்ல நாயன் காத்தருள்வானாக. ஆமீன்.