கடலைக் காத்த இளைஞர்

கடலைப் பற்றி எங்கள் வீடுகளில் நடந்த பேச்சுகள் பெரும்பாலும் கண்ணீரோடு கலந்தவை. எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கரையிறங்கியவர்கள். 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை அறியாத தோட்டம் அக்காலத்தில் இல்லை எனலாம். தளத்தில் பாய் விரித்துப் படுத்த கதையும், அலையில் தலைசுற்றி வீழ்ந்த கதையும், கரையில் நின்று கையசைத்த தாயை மீண்டும் காணாமலே போன கதையும் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆகவே எங்களுக்குக் கடல் என்றால் பிரிவு. கப்பல் என்றால் கூலிப் பயணம்.

அதே கடலைத் தம் கடமைக் களமாக ஏற்றுக்கொண்ட ஓர் இளைஞரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறோம். அவர் டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம். மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் அவரே. வ. உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழர் எனப் பாடத்தில் படிக்கும் நம் மாணவர்கள், தாம் வாழும் நாட்டின் கடலைக் காத்த இவரையும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

தனபாலசிங்கம் 1936-ஆம் ஆண்டு பிறந்தவர். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் பயின்றவர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்வோர் பலரும் குன்றின்மேல் நிற்கும் அப்பள்ளியைப் பார்த்திருப்பர். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. நகரின் கூரைகளும் சாலைகளுமே தெரியும். அத்தகைய இடத்தில் படித்த ஒரு மாணவர், 1950-களின் நடுவில், இருபது வயது நிரம்பும் முன்பே கடற்படைப் பயிற்சிக்குத் தேர்வானார். இங்கிலாந்தின் தென்மேற்கே, டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். நம் நாடு விடுதலை பெறுவதற்கும் முந்திய காலம் அது.

கடற்படை அதிகாரியின் கல்வி எத்தகையது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். துடுப்பு வலிக்கவும், பாய்மரம் கட்டவும், வரைபடம் படிக்கவும், கதிரவனையும் விண்மீன்களையும் அளந்து கப்பல் நிற்குமிடத்தைக் கணக்கிடவும் அவர்கள் கற்கிறார்கள். துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. டார்ட்மவுத்தில் அம்மீன் ஐம்பது பாகை உயரத்தில் நிற்கும். கிள்ளானிலோ மூன்று பாகை உயரமே. மரங்களுக்கும் மேகத்திற்கும் பின்னால் அது மறைந்தே போகும். அந்நிய வானத்தின் கீழ்க் கற்ற கணக்கைத் தன் நாட்டு வானத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தெரிந்தவனே மாலுமி. கல்விக்கும் அதுவே இலக்கணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

கப்பலில் உறக்கமும் கணக்கிட்டே வரும். ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தை நான்கு நான்கு மணியாகப் பிரித்துக் காவல் முறை வைப்பர். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை மட்டும் இரண்டாக உடைப்பர். அவ்வாறு உடைத்தால் ஒரு நாளைக்கு ஏழு முறைகள் வரும். ஒருவருக்கே நாள்தோறும் நள்ளிரவுக் காவல் விழாது. அதிகாரி என்பதால் எவர்க்கும் விலக்கில்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்லும் நம் பெற்றோருக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

அக்காலத்தில் நம் கடற்படை சிறியது. 1934-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் படையாகத் தோன்றியது. 1958-இல் மலாயா கூட்டரசின் கைக்கு வந்தது. 1963-இல் மலேசியா உருவானபோது அரச மலேசியக் கடற்படை எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு தொடங்கி 1966 வரை இந்தோனேசியாவுடனான மோதல் நீடித்தது. சிறிய ரோந்துக் கப்பல்கள் இரவு பகலாக நீரிணையைக் காவல் காத்தன. கப்பல்களில் நம் நாட்டு இளைஞர்கள் இருந்தனர். ஆனால் தலைமைப் பீடத்தில் முதலில் பிரித்தானியரும் பிறகு ஆஸ்திரேலியருமே வீற்றிருந்தனர்.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அந்நிலை மாறியது. ஆஸ்திரேலியத் தளபதி டாலர்டிடமிருந்து தனபாலசிங்கம் பொறுப்பை ஏற்றார். அன்று அவருக்கு வயது முப்பத்தொன்று! நம் ஊரில் அந்த வயதில் பலர் முதற் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்து நிற்பர். அவர் ஒரு நாட்டின் கடல் முழுவதற்கும் பொறுப்பாளரானார்.

பொறுப்பேற்று ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. 1968 ஜனவரியில், தன் படைகளை 1971 முடிவதற்குள் இவ்வட்டாரத்திலிருந்து திரும்பப் பெறப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அதுவரை நம் கடலுக்குப் பெருங்காவலாக நின்ற கப்பல்கள் போய்விடும். நம் கடலோ இரு பகுதிகளாகக் கிடக்கிறது: ஒருபுறம் மலாக்கா நீரிணை, மறுபுறம் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் பிரிக்கும் தென்சீனக் கடல். அன்று நம் கடற்படையின் தளம்கூடச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பின்பு, நம் கப்பல்கள் அயல்நாட்டு மண்ணில் நங்கூரமிட வேண்டிய நிலை! வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊர்க்காவல் செய்வது போன்றது அது.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வரலாறு பதிந்து வைத்துள்ளது. 'ரஹ்மாட்' என்னும் போர்க்கப்பல் 1971-இல் பணியில் இணைந்தது. பிரான்சில் கட்டப்பட்ட 'பெர்டானா' வகை ஏவுகணை விரைவுக் கப்பல்கள் நான்கு, 1970-களின் தொடக்கத்தில் நம் கடற்படையில் சேர்ந்தன. நம் மண்ணிலேயே ஒரு பெருந்தளம் வேண்டும் என்ற எண்ணம் பேராக்கின் லூமுட்டில் உருப்பெறத் தொடங்கியது. இன்று நம் கடற்படையின் முதன்மைத் தளம் அதுவே. இவை யாவும் ஒரு மனிதரின் தனிச் செயல் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் சபா, சரவாக் மக்களும் ஒரே கப்பலில் ஒரே சோற்றை உண்டு செய்த பணி அது. எனினும் கப்பல் எத்தனை பேர் வலிமையால் நகர்ந்தாலும் சுக்கானில் ஒரு கை உறுதியாக இருந்தாக வேண்டும். அக்கை நடுங்கவில்லை என்பதே அவர் பெருமை. பின்னாளில் ரியர் அட்மிரல் என்னும் பதவி நிலையை எய்திய அவர், 1976-இல், நாற்பதாம் வயதில், சீருடையைக் களைந்து விடைபெற்றார்.

இதனை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்று தோன்றும். முப்பத்தொரு வயதில் பதவி வந்தது வியப்பன்று. அது வந்த நாளில் அவர் ஆயத்தமாக இருந்தாரே, அதுவே வியப்பு. அந்த ஆயத்தம் பள்ளிப் பெஞ்சில் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் சிலரை இரயிலில் போர்ட் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றோம். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பட்டு, 1972-இல் பெயர் மாறிய துறைமுகம் அது. கண்டல் மரங்களுக்கு அப்பால் பெருங்கப்பல்கள் வரிசையாகச் சென்றன. கரைக்கு வெளியே 'வான் ஃபாத்தம் பேங்க்' என்றொரு மணல்திட்டு உண்டு. ஒரு பாக ஆழமே உடையது என்பது அப்பெயரின் பொருள். அதன்மேல் கலங்கரை விளக்கம் எழுப்பிக் கப்பல்களுக்கு வழிகாட்டுகின்றனர் என்று கூறினோம். அருகிலுள்ள புலாவ் இண்டாவில் நம் கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் கடலின் ஆழங்களை அளந்து வரைபடமாக்குகிறது என்றும் எடுத்துரைத்தோம். ஒரு மாணவி கேட்டாள்: "இங்கேதானே ஐயா என் கொள்ளுப்பாட்டி வந்து இறங்கினார்? நான் அந்தக் கப்பலில் அதிகாரியாக ஏற முடியுமா?" முடியும் என்றோம். அச்சொல்லை மெய்யாக்கும் பொறுப்பு அவளுக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவர்க்கும் உரியது.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! "சீருடைப் பணி நமக்கெதற்கு? பிள்ளை கண்ணெதிரே இருந்தால் போதும்" என்று நீங்கள் கூறுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். அதில் உள்ள அன்பை அறிவோம். ஒரு முறை கடல் உறவைப் பிரித்த குடும்பங்கள் அல்லவா நம்முடையவை! ஆனால் நாட்டைக் காக்கும் வரிசையில் நம் பிள்ளைகள் நில்லாவிட்டால், இந்நாடு எமது என்று சொல்லும் குரல் நம் நெஞ்சிலேயே தளர்ந்துவிடும். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தாதீர்கள். மலாய் மொழியைப் பிழையறக் கற்கச் செய்யுங்கள். கணிதத்தையும் அறிவியலையும் கண்டு அஞ்சவிடாதீர்கள். "ஆற்றுப் பக்கம் போகாதே" என்று தடுப்பதோடு நில்லாமல், தக்கவர் துணையோடு நீச்சல் பழக்குங்கள். கோலாலம்பூரின் சுங்கை பீசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டார்ட்மவுத் போல ஏழு கடல் கடந்த தொலைவில் அன்று, நம் வாசலருகிலேயே.

மாணவச் செல்வங்களே! எல்லாரும் கடற்படைத் தலைவர் ஆவதில்லை. ஆக வேண்டுவதும் இல்லை. செவிலியரும் ஆசிரியரும் பொறியாளரும் தத்தம் கப்பலைச் செலுத்துவோரே. உங்களுக்குரிய பொறுப்பு எந்த நாளில் வந்து கதவைத் தட்டும் என எவரும் அறியார். முப்பத்தொரு வயதிலும் வரலாம். நாளைக் காலை வகுப்பிலும் வரலாம். வரும்போது ஆயத்தமாக இருங்கள். பாட்டன்மார் கண்ணீரோடு கடந்த கடல் இன்று நம் நாட்டின் கடல். அதைக் காக்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கும் உண்டு.