வாஞ்சூர் செக்போஸ்ட்டும் ஹாஸ்கெல்லும்

எங்க ஊர் காரைக்காலுக்கு மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஊருக்குள்ள பாட்டில் வாங்கினா யாரும் கேட்க மாட்டாங்க. அதையே பையில போட்டுக்கிட்டு நாகூர் பஸ் ஏறினா, வாஞ்சூர்ல பையைத் திறக்கச் சொல்லுவாங்க. பொட்டி தட்டுற எனக்கு ஹாஸ்கெல் புரிஞ்சது இந்த செக்போஸ்ட்டை வச்சுத்தான்.

ப்யூர்லி ஃபங்ஷனல் மொழியில, ஒரே இன்புட் கொடுத்தா ஒரு ஃபங்ஷன் என்னைக்கும் ஒரே விடைதான் தரணும். வெளியில எதையும் மாத்தக் கூடாது. விலை 5 என்று ஒருமுறை சொல்லிட்டா அது 5தான். 6 வேணும்னா புதுப் பேர் வைக்கணும். அப்ப ஃபைல் படிக்கிறது, ஸ்கிரீன்ல எழுதுறதெல்லாம்? அங்கதான் செக்போஸ்ட். அந்த மாதிரி வேலையோட டைப்லயே 'ஐஓ' என்று முத்திரை இருக்கும். அதோட விடையை எடுத்துப் புழங்குறவனுக்கும் முத்திரை ஒட்டிக்கும். மறைச்சுக் கொண்டுபோனா கம்பைலர் விடாது. (கள்ள வழி ஒண்ணு இருக்கு. ஆனா அதோட பேரே 'அன்சேஃப்' என்றுதான் ஆரம்பிக்கும். நம்ம பக்கம் இவ்வளவு நேர்மை கிடையாது :-))

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? எங்க ஆபீஸ்ல, ஜாவாவுல, ஒரு பில் தொகை எப்பவாவது மட்டும் தப்பா வந்தது. மூணு ராத்திரி தூக்கம் போச்சு. கணக்கு பாதியில இருக்கும்போதே இன்னொரு த்ரெட் அதே பட்டியலை மாத்திக்கிட்டு இருந்திருக்கு. ஃபங்ஷன் பேரைப் பார்த்தா பரம சாது!

"அண்ணே, இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டான் சித்தி பையன். கல்விக் கடன்ல படிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். ஜாவா அளவுக்குக் கிடைக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பெங்களூரு ஜஸ்பே கம்பெனி, பணம் செலுத்தும் மென்பொருளையே ஹாஸ்கெல்ல எழுதுது. இன்னொண்ணு நம்ம சென்னையிலயே இருக்கு. 1990ல வந்த முதல் ஹாஸ்கெல் அறிக்கையை எழுதினவங்கள்ல அர்விந்த், ரிஷியூர் நிகில் என்று ரெண்டு இந்தியர்கள் உண்டு. ஹாஸ்கெல் வழியில வளர்ந்த சிப் வடிவமைப்பு மொழி ப்ளூஸ்பெக். அந்தப் பேர்லயே அர்விந்த் 2003ல ஒரு கம்பெனி தொடங்கினார். ஐஐடி மெட்ராஸோட 'சக்தி' ப்ராசஸரை எழுதினது அந்த மொழியிலதான். 2018ல அது சிப்பாவே வந்துடுச்சு. ப்ளூஸ்பெக் கம்பைலர் ஹாஸ்கெல்ல எழுதினது. 2020லேர்ந்து ஓப்பன் சோர்ஸ். பையன்கிட்ட அதைத்தான் முதல்ல இறக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.