எல்லை தாண்டிய தாளம்

ஓசூரைத் தாண்டிச் சில நிமிடங்கள். தமிழ்ப் பலகைகள் குறைகின்றன, கன்னட எழுத்துகள் தொடங்குகின்றன. அத்திபெலே, கர்நாடகத்தின் வாசல். ஆனேக்கல்லுக்கும் சர்ஜாபுரத்துக்கும் சாலைகள் பிரியும் இந்த ஊரின் டீக்கடைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வரும். 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை, சரக்கு லாரிகள் வணிகவரிச் சாவடியில் காகிதங்களைக் காட்டிய பிறகே நகர முடியும்.

காகிதம் காட்டாமல் எல்லைகளைக் கடந்த சரக்கு ஒன்று உண்டு. அது தாளம். பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்குப் போய் அது ஜாஸ் இசைத்தட்டானது.

அத்திபெலேயிலிருந்து நகரின் மையம் சுமார் 30 கி.மீ. நெரிசல் இல்லாவிட்டால் ஓர் எல்.பி. தட்டின் இரு பக்கங்களையும் கேட்டு முடிக்கும் தூரம். எந்தத் தட்டைக் கேட்பது?

ஜாஸ் சேகரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959), ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' (1965). இரண்டும் அவசியமானவை. இந்தியக் காதுகள் அடுத்து நாடுவது 1976-ல் வந்த 'சக்தி'யின் முதல் தட்டு. ஜான் மெக்லாஃப்லினின் கிடார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என்று அதில் அனல் பறக்கும்.

பலரும் தவறவிடுவது 'ஜோதி'. பெங்களூரில் 1964-ல் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவும், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் 1983-ல் ஜெர்மனியில் பதிவுசெய்தது. மியூனிக் நகரின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. மரியானோ சாதாரண ஆள் அல்ல. சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963-ம் ஆண்டுத் தட்டில் வாசித்தவர். மலேசியாவில் நாகஸ்வரம் கேட்டு மயங்கி, பின்னர் இந்தியா வந்து அதைக் கற்றவர்.

'ஜோதி'யில் பியானோ இல்லை, டிரம்ஸும் இல்லை. ஆர்.ஏ. ராமமணியின் குரல், தம்புரா, மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் ஆகியவற்றுக்கு நடுவே சாக்ஸபோன். ஜாஸ் கலைஞன் வழக்கமாகச் சாய்ந்துகொள்ளும் சுரக்கூட்டுகள் இங்கே கிடையாது. ஒரே சுருதியில் நின்று கற்பனையை விரிக்க வேண்டும். 1966-ல் வந்த 'இந்தோ-ஜாஸ் சூட்'டில் ஜோ ஹேரியட்டும் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் இரண்டு இசைகளையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். 'ஜோதி'யிலோ ஜாஸ், விருந்தாளியாக வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதே வரிசையில் 2008-ன் 'கின்ஸ்மென்' தட்டையும் சேர்க்கலாம். கத்ரி கோபால்நாத், ருத்ரேஷ் மகந்தப்பா என இரு சாக்ஸபோன்கள். உடன் கன்யாகுமரியின் வயலின்.

இவற்றை எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் சிக்கல். சபா ரசிகருக்கு இது ஜாஸ், ஜாஸ் ரசிகருக்கு இது கர்நாடக சங்கீதம். இருவருமே ஒதுக்கினால் தட்டு பரணுக்குப் போகும், அங்கிருந்து பழைய பேப்பர்காரரின் தராசுக்கு. மரியானோ 2009-லும், கோபால்நாத் 2019-லும், மணி 2020-லும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் சேர்ந்து வாசித்ததற்குச் சாட்சி இந்தத் தட்டுகள்தான்.

எடைக்குப் போடும் முன் உறையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.