வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பவர் பாயிண்ட்

வெந்நீர் அடுப்பு உள்ள குளியலறையில் கீசருக்குப் புதிதாக ஒரு பவர் பாயிண்ட் வைப்பது பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் சூடு, ஈரம், மின்சாரம் மூன்றும் கூடும் இடம் என்பதால் வயரிங்கில் மிகுந்த கவனம் கேட்பதும் இதுதான். ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லை ஊரான அத்திபெலேயின் பழைய வீடுகளில், செம்பு அண்டாவைப் பதித்துக் கட்டிய விறகடுப்பு குளியலறை மூலையில் இருக்கும். அந்த அண்டாவுக்குக் கன்னடத்தில் ஹண்டே என்று பெயர். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். மார்கழிக் குளிருக்கு வெந்நீர் வேண்டும். விறகு அருகியபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே கீசர் வந்து சேர்ந்தது.

முதலில் கணக்கு. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும்; 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், டிபி எனும் மின் பகிர்வுப் பெட்டியிலிருந்து தனி லைனும், மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்சிபியும் வேண்டும். லைட் சுவிட்சிலிருந்து லூப் எடுத்தால் செலவு குறையும். ஆனால் மெல்லிய ஒயர் சுவருக்குள்ளேயே சூடேறிக் கருகும். அனுபவசாலிகள் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத்தான் இழுக்கிறார்கள்.

அடுத்தது ஒயர் போகும் வழி. சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதனால் அடுப்புச் சுவரில் பைப் ஓடக்கூடாது. அத்திபெலேயில் பார்த்த ஒரு வீட்டில், அடுப்பு எரிந்துகொண்டிருந்த சுவரில் மூத்த தொழிலாளி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவரில் சாக்பீஸ் கோடு போட்டார். காடி வெட்டி, பைப் பதித்து, சிமென்ட் பூசினார்கள். மறுநாள் ஸ்பிரிங் விட்டு மூன்று ஒயர்களையும் இழுத்தார்கள். சாக்கெட் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் அமைந்தது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் கதவுக்கு வெளியே அமைந்தது.

இணைப்புக்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொள்வது விதி. எதிரே நின்று பார்த்தால் சாக்கெட்டின் மேல் துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். உடன் வந்த இளைஞர் செம்பு இழைகளை முறுக்கிச் செருகி, திருகை இறுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். தளர்ந்த திருகில் மின்தடை கூடிச் சூடு பிறக்கும், சாக்கெட்டே உருகிவிடும்.

உயிர் காப்பது எர்த். பச்சை ஒயர் சாக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது, அது எர்த் குழி வரை போய்ச் சேர வேண்டும். கரியும் உப்பும் நிரப்பிய குழி கோடையில் காய்ந்துவிடும்; அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆர்சிசிபி இல்லாத பழைய வீட்டில் அதையும் சேர்ப்பது நல்லது. கீசர் காயில் பழுதாகி மின்சாரம் கசிந்தால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கணத்தில் துண்டித்துவிடும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம்.

இந்த வேலையை உரிமம் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின், வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். தொட்டி காலியாக இருந்தால் காயில் எரிந்துபோகும்.