கடற்காற்றும் கார் வண்டியும்

காங்கேசன்துறையிலே கார் வைத்திருப்பவர் முதலில் அஞ்சவேண்டியது கடற்காற்றுக்கு, கராஜ்காரருக்கு அன்று. வாடைக்காலத்தில் உப்பைச் சுமந்து வரும் காற்று வண்டியின் அடிப்பாகத்தையே முதலில் அரிக்கிறது. மேலே படியும் உப்பை மழை கழுவிவிடும். கீழே படிவதைக் கழுவுவார் இலர். வெளியே பளபளக்கும் வண்டிகளின் அடியில், விரலால் குத்தினாலே உதிரும் இரும்பைப் பலமுறை கண்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கிணற்றுநீரால் கழுவுங்கள். கதவுகளின் கீழ்விளிம்பில் நீர் வடிவதற்கென்றே சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டிருந்தால் ஈர்க்கினால் குத்திவிடுங்கள்.

ஆனால் அந்தக் கிணற்றுநீரை றேடியேற்றருக்குள் ஊற்றலாகாது. 1950ஆம் ஆண்டில் இங்கே சீமெந்துத் தொழிற்சாலை எழுவதற்குக் காரணமான சுண்ணக்கல்லே எமது கிணறுகளுக்கும் அடித்தளம். தேநீர்க் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அவற்றை அடைத்துவிடும், எஞ்சின் கொதிக்கும். தொழிற்சாலை 1990இல் நின்றுபோயிற்று. சுண்ணாம்பு தன் தொழிலை நிறுத்தவில்லை. வண்டிக்குரிய கூலன்ற் திரவத்தையே பயன்படுத்துங்கள்.

எம்மோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வண்டி சில மாதங்களாகக் காலையில் கிளம்ப மறுத்தது. பட்டணத்துக் கராஜ் ஒன்றில் பற்றரியை மாற்றினார்கள். பின்னர் ஸ்ராட்டர் மோட்டரையும் மாற்றவேண்டும் என்றார்கள். அவர் மனம் ஒப்பாமல், ஊரில் உள்ள முதிய தொழிலாளி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றார். அவர் சிறிது நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “மோட்டர் நல்லாத்தான் இருக்குது, சேர். எர்த் வயர் பூட்டின இடம்தான் உக்கிப்போச்சு,” என்றார். அந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, வயரை இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசினார். வண்டி கிளம்பிற்று. இங்கும் குற்றவாளி உப்புக்காற்றே.

இத்தகைய தொழிலாளிகள் எவ்வாறு உருவாயினர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. எமது ஊரவர் 1990இல் இடம்பெயர்ந்து குடாநாட்டின் பிற பகுதிகளில் வாழ்ந்த ஆண்டுகளில், பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் இருந்து பெற்றோலைச் சில துளிகள் விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், அதற்கும் ஈடுகொடுத்தார்கள். சிறு பிராயத்தில் நாம் பார்த்து வியந்த வேலை அது. மாற்றுவதற்குப் பாகம் இல்லாதபோது, இருப்பதைத் திருத்தியே ஆகவேண்டும் அல்லவா? 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, அந்தக் கைப்பழக்கம் மறுபடியும் பலருக்கு உதவிற்று.

இனி, கராஜில் பேசும் முறை. நோயாளி வைத்தியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, நோவைத்தான் சொல்கிறார். “ஸ்ராட்டரை மாற்றுங்கள்” என்று நீங்களே கட்டளையிட்டால் அவர்கள் மாற்றித்தான் தருவார்கள். “காலையில் முதன்முறை மட்டும் கிளம்புவதில்லை, உச்சிப்பொழுதில் குறையில்லை” என்று சொல்லுங்கள். சத்தம் என்றால், பிறேக் பிடிக்கும்போதா, வளைவில் திரும்பும்போதா என்பதையும் குறித்துச் செல்லுங்கள். செலவு மதிப்பை எழுத்தில் பெறுங்கள். மேலதிக வேலை வந்தால் தொலைபேசியில் கேட்டபின்பே தொடங்கவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போடும் பாகம் புதியதா, பாவித்ததா என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பாவித்த பாகம் போடுவது குற்றமன்று. அதற்குப் புதியதன் விலையை வாங்குவதே குற்றம். கூலியில் பேரம் பேசுவதை நாம் விரும்புவதில்லை. பிடுங்கிய கூலியை மீட்க அவசர வேலை செய்யத் தோன்றுவது மனித இயல்பு.

கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தயங்குபவரிடம் மறுமுறை போகுமுன் சற்று யோசியுங்கள். கேளாமலே அதைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டித் தருபவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். எம் வண்டி இப்போது அத்தகைய ஒருவரிடமே போகிறது.